வாயில் குண்டூசி

குண்டூசிகளை உதட்டிடுக்கில் கடித்துக்கொண்டுதான் தையல்கார அக்கா தரையில் முட்டி போடுவாள். வந்தவர் மரப்பலகை மேல் நிற்க வேண்டும். துணியின் கீழ் ஓரத்தை மடித்து, வாயிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்துக் குத்தியபடி அக்கா அவரைச் சுற்றி வருவாள். அதுவரை அவளால் சொல்ல முடிவது 'ம்' ஒன்றுதான். ஊசி தீர்ந்தால் வாய் திறக்கும். திறந்தால் பிறகு மூடுவதற்கு ஆள் கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. உடுப்புகளைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுப்பது தொழில். வேன் டிரைவர் ஒருவர் இருக்கிறார். ஒரே பேன்ட்டை ஒரு மாதம் குட்டையாக்கச் சொல்லிக் கொண்டுவருவார், மறுமாதம் இறக்கச் சொல்லிக் கொண்டுவருவார். மனிதர் வளர்ந்ததாகவும் தெரியவில்லை, குறைந்ததாகவும் தெரியவில்லை. பலகையில் ஏறியதும், கோபித்துக்கொண்டு போன தம்பியின் கதையைத் தொடங்குவார். அக்கா விட்ட இடத்தை மறக்க மாட்டாள். ஊசியை வாயில் போடுவதற்கு முன்பே, "தம்பி போன் எடுத்தாரா?" என்று கேட்டுவிடுவாள்.

"உங்கிட்ட சொன்னா மனசு லேசாயிடுதுக்கா. நீ குறுக்க பேசறதே இல்ல" என்பார் அவர்.

வாய் நிறைய ஊசி இருக்கும்போது எவள் குறுக்கே பேசுவாள்?

வீட்டில் குண்டூசி கிடையாது. அங்கே மகள், "அம்மா, இன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், "நான் அப்பவே சொன்னேன்" என்று அக்கா முடித்துவைப்பாள். எதைச் சொன்னாள், எப்போது சொன்னாள் என்பது அவளுக்கே வெளிச்சம். தலைவலி என்றால் நீ தூங்குவதில்லை என்பாள். தூக்கம் வரவில்லை என்றால் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தால் எப்படி வரும் என்பாள். கல்யாணமாகிப் போன பிறகு அதே பாட்டு போனில் நடந்தது.

மகளுக்குக் கரு கலைந்துவிட்டது என்று மாப்பிள்ளைதான் கூப்பிட்டுச் சொன்னார். போன் மகள் கைக்கு மாறியதும் அக்கா கேட்டாள்: "வெயிட்டு ஏதாவது தூக்கினியா? பஸ்ல போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

அதோடு சரி. அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் எடுத்தார். "தூங்கறா அத்தை" என்பார். காலையில் தூங்கினாள், மத்தியானம் தூங்கினாள், சாயங்காலமும் தூங்கினாள். பேரப்பிள்ளையையும் இழந்து, மகளையும் இழந்துவிடுவோமோ என்ற நினைப்பிலேயே அக்கா மிஷினை மிதித்தாள். வேன் டிரைவரின் பேன்ட்டில் ஒரு காலை ஏற்றியும் ஒரு காலை இறக்கியும் தைத்துக் கொடுத்தாள். அவர் அதையும் வாங்கிக்கொண்டு போனார்.

போன வாரம் மகளே கடைக்கு வந்தாள்.

"பாவாடை ஓரம் பிரிஞ்சுபோச்சு. மடிச்சுக் குடு" என்றாள், யாரோ வாடிக்கைக்காரி மாதிரி.

அக்கா வாங்கிப் பார்த்தாள். அவளே தைத்துக் கொடுத்த பாவாடை. அவள் போட்ட தையல் தானாகப் பிரிகிற ஜாதி இல்லை. சுற்றிலும் பிளேடு வைத்து அறுத்திருந்தது.

"இது எப்படிடீ..."

"மொதல்ல ஊசிய வாயில வைம்மா."

வைத்தாள். முட்டி போட்டாள். மகள் பாவாடையை மாற்றிக்கொண்டு பலகையில் ஏறி, எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ஒண்ணும் தூக்கல. சும்மா ஒக்காந்து டிவி பாத்துட்டிருந்தேன். ஏதோ காமெடி. சிரிச்சுட்டுகூட இருந்தேன்மா."

அக்காவின் நாக்கு நுனியில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஊசிகளும் நின்றன.

"ம்" என்றாள்.

"போனா போகுது, அடுத்தது வரும்ங்கறாங்க எல்லாரும். என்ன, பஸ்ஸா வருது?"

"ம்ஹும்."

அக்கா மெல்ல நகர்ந்தாள். ஒரு ஊசி. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மேலே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் அதுக்குப் பேருகூட வச்சிருந்தேன். அவருக்கே தெரியாது."

கடைசி ஊசியும் துணியில் ஏறிவிட்டது. மடிப்பு முழுச் சுற்று முடிந்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. மகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே, அம்மாவின் காலியான வாயைப் பார்த்தாள்.

அக்கா மடிப்பை ஒருமுறை விரலால் தடவினாள். நேராகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு ஊசியை உருவி, மறுபடியும் உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டாள்.