பெட்ஷீட் வாங்கப் போய் உடைந்த மூக்கு

ஃபேனுக்கு நேர் கீழே படுத்தாலும் முதுகெல்லாம் வேர்க்கும் என் வீட்டுக்காரருக்கு. காட்டன் பெட்ஷீட் வாங்க இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

"சுத்த காட்டன். சில்லுனு இருக்கும்" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல்மில் வேலை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீப்பெட்டியை எடுத்தார். காட்டன் என்றால் சாம்பலாகும், பாலியஸ்டர் என்றால் உருகும்.

"ஏலே, கடைக்குள்ள தீ வைக்கியா?"

"வச்சாத்தானலே உன் வண்டவாளம் தெரியும்."

துணி அளக்கும் இரும்புக் கம்பி இவர் மூக்கில் இறங்கியது. இவர் அவருடைய கழுத்தைப் பிடித்துக் கண்ணாடி மேஜைமேல் சாய்த்தார். மேஜை நொறுங்கியது.

நாலு பேர் பிரித்துவிட்ட பிறகு, மூக்கில் கொட்டிய ரத்தத்தை நிறுத்த அதே பெட்ஷீட்டை வைத்து அழுத்தினேன்.

துணி ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை. அத்தனையும் வழிந்து என் சேலையில் ஓடியது.

காட்டனைச் சோதிக்க வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவருக்கு இருப்பது ஒரு மூக்குதான்.