கண்டிப் படங்களில் நடுவில் அம்மா

கண்டிக்குப் போனது நாலு பேர். நான். அம்மா. கனடாவில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்து என்னைப் பதிவுத் திருமணம் செய்தவர். வான் ஓட்டிய கொட்டாஞ்சேனைக்காரர்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அப்பா செத்து ஆண்டுத் திவசம் முடியவில்லை. அதற்குள் தாலி கட்டக்கூடாது. அதனால் பதிவு மட்டும் நடந்தது.

நான் கனடா போக விசா வேண்டும் என்றால் எம்பசியில் கலியாணப் படம் கேட்பார்கள். எங்களிடம் இல்லை. படம் இல்லாமல் போன இரண்டு பெண்பிள்ளைகளுக்கு எங்கள் லொட்ஜிலேயே விசா மறுத்திருந்தார்கள். பொய்க் கலியாணமாம்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் சுத்தின படமாவது கொண்டு போங்கோ" என்று பக்கத்து அறை அக்கா சொன்னார். அதற்குத்தான் கண்டி.

வானில் எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா இருந்தார். களனிப் பாலத்தில் ஆமி மறித்து அடையாள அட்டை பார்த்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம். வான்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். சிரித்தான். போகச் சொன்னான்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று இவர் கேட்டார்.

"ஹனிமூன் போறாங்க, மாமியாரும் கூட வாறாங்கன்னு சொன்னேன்."

அம்மா சிரிக்கவில்லை.

பேராதனைப் பூந்தோட்டத்தில் முதல் படம். வான்காரர் கமராவைப் பிடித்தார். நாங்கள் நின்றோம். அம்மா வந்து நடுவில் நின்றார்.

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. விசா அவங்களுக்கு. உங்களுக்கு இல்ல" என்றார் வான்காரர்.

"தாலி ஏறேல்லைத் தம்பி. நாலு சனம் பாக்கிற இடம்."

"மாமி, ஒரு படம் மட்டும்" என்றார் இவர்.

"எடுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

அம்மா அசையவில்லை.

வாவிக்கரையிலும் அப்படி. தலதா மாளிகைக்கு முன்னாலும் அப்படி. பின்னேரம் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. குனிந்தார். வான்காரர் சட்டென்று கமராவை அமத்தினார். அம்மா இல்லாத படம் அது ஒன்றுதான். அதிலும் நாங்கள் இருவரும் கீழே அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

காலி வீதி ஸ்ரூடியோவில் படங்களைக் கழுவி எடுத்தபோது இவர் கனடாவுக்குத் திரும்பிப் போயிருந்தார். அம்மா நாலைந்து படம் பார்த்தார். உறையை மூடி என்னிடம் தந்தார்.

"நான் கெடுத்துப்போட்டன் போல கிடக்குப் பிள்ளை."

வேறு படம் இல்லை. மறுபடி வர இவருக்கு லீவும் இல்லை.

எம்பசியில் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண். அவர் படங்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் விரலை வைத்தார்.

"இது ஆரெண்டு கேக்கிறார்" என்றாள் அவள்.

"அம்மா."

அடுத்த படம்.

"அம்மா."

மற்றது.

"அதுவும் அம்மாதான்."

"ஏன் எல்லாத்திலயும் நடுவில நிக்கிறா?"

"தாலி கட்டேல்லை. அதாலை."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீசில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார்.

"மாப்பிள்ளையோட தனியக் கதைச்சிருக்கிறீங்களோ?"

"போனிலை."

"தனியவோ?"

"அம்மா பக்கத்தில இருப்பா."

வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். ஏதோ சொன்னார்.

"பொய்க் கலியாணக்காரர் எண்டால் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பினமாம்" என்றாள் அந்தப் பெண். "உங்களை மெடிக்கல் எடுக்கட்டாம்."

மெடிக்கல் என்றால் விசா கிடைத்த மாதிரி. லொட்ஜில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா வெளியே வெய்யிலில் நின்றார்.

"என்னவாம்?"

"மெடிக்கல் எடுக்கட்டாம்."

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.

"எங்க, அந்தப் படங்களைத் தா பாப்பம்" என்றார்.

முழுக்கப் பார்த்தது அன்றுதான். தான் நிற்கிற படங்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, வாய்விட்டு எண்ணினார். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நிறுத்தவில்லை.

முப்பத்தொன்று.