காம்பவுண்ட் சுவரோடு நின்ற போன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்கு எட்டக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு போனைத் தேடிப் பிடித்து வாங்கியவன் நான். அது எட்டாமல் போன ஒரு காலையில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த செய்தியைக் கேட்டுவிட்டு அழித்தவனும் நான்தான். அவளுடைய அக்கா மகளின் கல்யாணம் அதனால் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது.

விவேக் நகரில் சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மாநில அரசில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். பதவியில் இருந்தபோது வந்த டெலிபோன் என்னோடு தங்கிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில்கூட எங்கள் வரிசையில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் காலத்தில் எங்கள் எண்ணையே தங்கள் எண்ணாக எழுதி, ஓரத்தில் ‘பி.பி.’ என்று இரண்டெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்த எண்ணுக்குப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் அழைத்து வருவார் என்று பொருள்.

ஓடிய பக்கத்து வீட்டுக்காரன் நான்.

ஆபீசில் நான் மணியடித்தால் ப்யூன் எழுந்து வருவான். வீட்டில் மணியடித்தால் நான் எழுந்து போனேன். ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய ஆபீஸ் குரலில் “ஹலோ” என்பேன். “சார், பக்கத்து வீட்ல கொஞ்சம் கூப்பிடறீங்களா?” என்று பதில் வரும். தொந்தரவு என்றுதான் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டேன். உண்மை வேறு. நாள் முழுவதும் அடித்த மணிகளில் ஒன்றுகூட எனக்காக அடிக்கவில்லை. அதுதான் எரிந்தது.

எல்லோரையும்விட அதிகமாக அழைப்பு வந்தது சுவரை அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். கணவருக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாடிக்கைக்காரிகள் துணி ஆயிற்றா என்று கேட்க என் ஹாலுக்கு போன் செய்வார்கள். அவள் வாயில் குண்டூசியோடு ஓடிவந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கழுத்து இறக்கம் பற்றியெல்லாம் பேசிவிட்டுப் போவாள்.

ஒருநாள் என் மனைவி சொன்னாள், “ஏங்க, ஒயர் இல்லாத போன் வந்திருக்காமே. சுவத்து மேலாலயே எடுத்துக் குடுத்துடலாம். பாவம், அதுங்க வீட்டு சங்கதியெல்லாம் நம்ம ஹால்ல நின்னு பேச வேண்டியிருக்கு.”

“பேசட்டுமே. நானா காது குடுக்கறேன்?”

“நீங்க எங்க குடுத்தீங்க. பேப்பரை மட்டும் கால்மணி நேரமா ஒரே பக்கத்துல வெச்சிருக்கீங்க.”

எனக்கு அவள் யோசனையின் ஆபத்து உடனே புரிந்தது. கம்பியில்லாத போன் வந்தால் அது தெருவில் குடியேறிவிடும். ஒரு வீட்டில் மஞ்சள் விரல், அடுத்த வீட்டில் மீன் குழம்பு என்று ஊர் சுற்றிவிட்டு எப்போதாவது என்னைப் பார்க்க வரும். ஆனால் அதை விற்கும் கடையிலேயே ‘ஆன்சரிங் மெஷின்’ வைத்த போனும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். யாரும் எடுக்காவிட்டால் அதுவே பதில் சொல்லி, வந்த செய்தியை டேப்பில் பதிந்துகொள்ளும். செய்தியைச் சீட்டில் எழுதி அனுப்பிவிடலாம். யாரையும் அழைக்க வேண்டாம், யாரும் வர வேண்டாம். எல்லாம் எழுத்து மூலம்! ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மனைவி கேட்டபடி ஒயர் இல்லாத போனாகவே வாங்கிவிடலாம், அது சுவரைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலை ஹாலில் போன் இருந்த இடத்திலிருந்து காம்பவுண்ட் சுவர் வரை அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்தாறு தப்படி.

“என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“வாக்கிங்.”

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடை. கடைக்காரர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினார். “பாருங்க சாப், இது ஃபர்ஸ்ட் க்ளாஸ். மொட்டை மாடிக்குப் போங்க, ரோடு தாண்டுங்க, டீக்கடைல உக்காந்து பேசுங்க, லைன் கட்டே ஆகாது.”

“இதைவிடக் கம்மியா இருக்கா?”

“விலையா சாப்?”

“எட்டற தூரம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கேன். கம்மியா எட்டற போன் கேட்ட மொதல் கிராக்கி நீங்கதான். வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சாப்?”

“சின்ன வீடு,” என்றேன்.

அடியில் கிடந்த ஒரு பழைய மாடலைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார். மெஷினும் கூடவே இருந்தது. வீட்டில் வந்து சோதித்தபோது, சுவர் வரை சுத்தமாகக் கேட்டது. சுவரைத் தாண்டி ஒரு கை நீட்டியதும் கீச்கீச் என்று கத்தி, இரைந்து, செத்துப்போனது. இவ்வளவு பொருத்தமாக வேறு எந்தச் சாமானும் என் வாழ்க்கையில் அமைந்ததில்லை.

“என்னங்க இது, அந்தப்பக்கம் போனதும் கத்துது?” என்றாள் மனைவி.

“எல்லா கார்ட்லெஸ்ஸும் இப்படித்தான். இதுதான் இருக்கறதுலயே நல்லது.”

மெஷினில் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை பதிந்தேன். ஏழு முறை பதிந்து, எட்டாவது முறைதான் திருப்தி வந்தது. சீட்டுகளும் தயார். ‘வந்த நேரம்’, ‘யாரிடமிருந்து’, ‘பொருள்’ என்று மூன்று வரிகள். “பொருள்: பச்சை ஜாக்கெட், கை நீளம் குறைக்க வேண்டும்” என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் வைத்துக் கொடுத்தேன். தையல்காரப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு என் மனைவியிடம், “அக்கா, இதுக்கு நான் பதில் மனு எழுதணுமா?” என்றாள். இரண்டு பேரும் சுவருக்கு இருபுறமும் நின்று வெகுநேரம் சிரித்தார்கள்.

இனி அவளுடைய அக்கா. தங்கவயலில் இருந்தார். அம்மா இறந்த பிறகு, அம்மாவின் தையல் மெஷினைத் தங்கை எடுத்து வந்துவிட்டாள். “ஒரு வார்த்தை கேக்காம தூக்கினு போயிட்டா” என்பது அக்காவின் கட்சி. “தைக்கத் தெரிஞ்சவ நான்தான, கேக்கறதுக்கு என்ன இருக்கு” என்பது தங்கையின் கட்சி. நாலு வருடமாகப் பேச்சு இல்லை. தங்கை அந்த மெஷினில்தான் தைத்தாள், அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தக் காலையில் போன் அடித்தது. என் மனைவிதான் எடுத்தாள். முகம் மலர்ந்து சுவருக்கு ஓடினாள். “ஏம்மா, சீக்கிரம் வா! உங்க அக்கா. தங்கவயல்லேர்ந்து!”

தங்கை போனை வாங்கி, “அக்கா?” என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அழுகை வந்துவிட்டது. அடுத்தவர் பார்க்க அழக் கூடாது என்று தன் வீட்டுக் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். கீச்கீச். இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

“கட் ஆயிருக்கும்மா, திரும்பப் பண்ணுவாங்க,” என்றாள் என் மனைவி.

“இல்லக்கா. எங்கொரலைக் கேட்டதும் வெச்சுட்டா. அவ பழக்கமே அது.” போனைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மனைவி போனைக் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பினாள். நான் ஹாலில் தனியாக இருந்தேன். மறுபடியும் மணி அடித்தது. மெஷின் எடுக்கட்டும் என்பது என் விதி. என் ஆங்கிலம் ஒலித்து முடிந்தது. அப்புறம் அந்தக் குரல், ஹால் முழுக்க.

“யாருய்யா இது இங்கிலீஷு... ஏய், நீ பக்கத்துலதான் இருப்ப, தெரியும். எங்கொரலைக் கேட்டதும் வெச்சுட்ட இல்ல? சரி, வை. சொல்ல வந்தத சொல்லிட்டுப் போறேன். பாப்பாவுக்குக் கல்யாணம். வர்ற மாசம். அம்மா மிஷினு உங்கிட்டதான கீது? அதுலயே அவளுக்கு ஜாக்கெட்டு தெச்சு எடுத்துக்கினு வா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வர்லன்னா, சரி, வர்லன்னு வெச்சுக்கறேன். இனிமே நான் கூப்பிட மாட்டேன்.”

கை நீட்டினால் எடுத்திருக்கலாம். நீட்டவில்லை.

சீட்டை எடுத்து, வந்த நேரம் எழுதினேன். யாரிடமிருந்து, எழுதினேன். ‘பொருள்’ என்ற இடத்தில் பேனா நின்றது. இந்தச் செய்தியைக் கொடுத்தால், அக்கா வைக்கவில்லை, லைன்தான் அறுந்தது என்று தெரியும். ஏன் அறுந்தது என்று என் மனைவி கேட்பாள். வேறு யார் வீட்டு கார்ட்லெஸ்ஸாவது சுவர் தாண்டுகிறதா என்று விசாரிப்பாள். எஸ்.பி. ரோடு வரை போனாலும் போவாள். சீட்டைக் கிழித்தேன். பொத்தானை அழுத்தினேன். டேப் ஓடிச் சுற்றி நின்றது. அவ்வளவு முக்கியம் என்றால் அக்கா கடிதம் எழுதுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பு எப்படியும் சுற்றித் திரும்பி மேஜைக்கு வரும் என்பது என் தொழில் நம்பிக்கை. அது வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் தையல்காரப் பெண் எங்கள் ஹாலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. “பாப்பாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சாம்க்கா. போட்டோ எடுக்கப் போனவரு சொல்றாரு. ஒரு வார்த்தை சொல்லல. தூக்கி வளத்தவ நானு.” என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். ஒரே பக்கம்.

அவள் போன பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, தூரம், மெஷின், பொத்தான். அவள் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அன்னிக்கு வாக்கிங்னீங்களே. அளந்தீங்களா?”

“ஆமாம்.”

“எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது. சுவத்துக்கு அந்தப்பக்கம் போய்ச் சொல்லுங்க. எவ்வளவு தூரம்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

போனேன். தையல்காரப் பெண் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் முடித்ததும் திட்டவில்லை. “அம்மா மிஷின்லன்னா சொன்னா? ஜாக்கெட்டுன்னா சொன்னா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, “அப்ப அவ வெக்கல,” என்றாள். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நாலு சுவர் தாண்டிக் கேக்கற மாதிரி இங்கிலீஷ் பேசுவீங்களே சார். இதைத் தமிழ்ல சொல்ல ஒரு வாய் இல்லியா?”

பரிகாரமாக இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, மறுபடி எஸ்.பி. ரோடு. கடைக்காரர் என்னை மறக்கவில்லை. “வாங்க சாப். இப்ப எவ்வளவு எட்டணும்? கட்டில் வரைக்குமா?” டீக்கடையில் உட்கார்ந்து பேசும் மாடலை வாங்கினேன். இரண்டாவது, தங்கவயலுக்கு நானே போய் அக்காவிடம் சொல்வது. தங்கையும் என் மனைவியும் கூட வந்தார்கள். தங்கையின் கணவரையும் அழைத்தேன். “வாங்கிக் கட்டிக்கறதுக்கு எதுக்கு சார் தொணை? நீங்களே போய்ட்டு வாங்க,” என்று பீன்யா பஸ் ஏறிவிட்டார்.

வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் தங்கையைப் பார்த்து, “நீ வெக்கலியா?” என்றார். “நீ வெச்சன்னு நெனச்சேன்,” என்றாள் தங்கை. அப்புறம் கொஞ்ச நேரம் நானும் என் மனைவியும் அங்கே இருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

காப்பி வந்தது. எனக்குக் கடைசியாக வந்தது. அக்கா சொன்னார், “ஆபீசரய்யா, படிச்ச மனுசன் வந்து ஒத்துக்கினீங்க, சரி. ஆனா சும்மா வுட மாட்டேன். இனிமே ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு உங்க ஊட்டுக்குத்தான் போன் பண்ணுவேன். நீங்கதான் எடுக்கணும். நீங்கதான் நடந்து போய் இவ கைல குடுக்கணும். அந்த இங்கிலீஷு மிஷினு பேசுச்சு, நான் ரயிலேறி வந்துருவேன்.”

ஆன்சரிங் மெஷினின் ஒயரை அன்றே பிடுங்கிவிட்டேன். அடுத்த வருடம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை அம்மாவின் மெஷினில் தைக்கப்பட்டது. எங்களையும் அழைத்தார்கள். அங்கே கல்யாண ஆல்பத்தை எல்லோருக்கும் காட்டினார்கள். மணப்பெண்ணின் ஜாக்கெட் தோளில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. தையல்காரப் பெண் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, துணியைச் சரிசெய்வதுபோல ஒருமுறை தடவிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு என்னிடம் பரிகாரம் எதுவும் இல்லை.

சில வருடங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் போன் கிடைத்தது. தையல்காரப் பெண்ணின் வீட்டிலும் ஒன்று வந்தது. பூவேலை செய்த துணி போர்த்தி, மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அந்த எண் அக்காவுக்கு மனப்பாடம். மற்ற நாட்களில் அதில்தான் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டு மணி அடிக்கிறது.

“ஐயா, நான்தான்.”

“இருங்கம்மா, கூப்பிடறேன்.”

அன்றைக்கு இருபத்தாறு தப்படி. இப்போது என் நடைக்கு நாற்பதுக்கு மேல் ஆகிறது. சுவரருகே போய் நின்று குரல் கொடுக்கிறேன். உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தத்தோடு பதில் வருகிறது.

“சுவத்துகிட்டயே ஏன் சார் நிக்கறீங்க? கேட்டைச் சுத்தி உள்ள வரைக்கும் கொண்டாங்க. இப்பத்தான் எட்டுதே!”