ஒரு மறைப்பு கேட்டோம்

சபையோரே, வெட்கம் ஒரு மனிதரைக் கொல்லுமா என்று எந்த மேடையில் வாதம் வைத்தாலும், கொல்லும் என்ற தரப்பை நான் எடுத்துக்கொள்வேன். கண்ணால் கண்டதைத்தான் பேசுகிறேன்.

ஜப்பான்காரர் வந்த இரண்டாம் ஆண்டு, மழைக்காலம். கரங்கான் ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், வேலையாட்கள் குடியிருந்த லயம் லயமாகச் சீதபேதி புகுந்தது. என் தங்கை பாக்கியத்தையும் பிடித்தது. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அவளைத் தோளில் சாய்த்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டவுனிலிருந்து வந்துகொண்டிருந்த டாக்டர் வருவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. மருந்து கொடுத்துக் கட்டுப்போட ஒரு டிரஸர். மற்ற எல்லாவற்றுக்கும் மாரியக்கா என்ற ஒரே ஆயா. பெண்கள் வார்டைப் பட்டாளம் சாமான் வைக்க எடுத்துக்கொண்டதால் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் கிடந்தார்கள். கட்டிலைச் சுற்றியிருந்த திரைகளையெல்லாம் கட்டுத்துணியாகக் கிழித்தாயிற்று. டிரஸரை நான் குறை கூறமாட்டேன். புண்ணை மூடுவதா, மானத்தை மூடுவதா என்ற நிலை வந்தபோது அவர் புண்ணை மூடினார்.

ஆனால் பேதிக்காரர்கள் பட்ட பாடு! "சட்டி யாருக்கு?" என்று கூவிக்கொண்டே மாரியக்கா மலச்சட்டியோடு ஓடிவருவார். ஒரே ஆள், கூவாமல் அவரால் சமாளிக்க முடியாது. எல்லாத் தலையும் திரும்பும். எங்கள் ஜெபக்கூட்டத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கும் அந்தோணி அண்ணன் எதிர்க்கட்டிலில் படுத்திருந்தார். அவர் பார்வைக்கு நேரே என் தங்கை.

முதல் நாள் அழுதுகொண்டே சட்டி கேட்டாள். மறுநாள் கேட்கவில்லை. கஞ்சியை நிறுத்தினாள். பிறகு தண்ணீரையும் நிறுத்தினாள். டிரஸர் அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார்.

"தம்பி, பேதி கொறைஞ்சிருச்சு. இப்ப தண்ணி குடிக்காமதான் போயிருவா. மேடையில வெளுத்து வாங்குவியாமே, பேசிக் குடிக்க வையி."

பேசினேன். சுங்கைப் பட்டாணி டவுன் மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அதே நாவால் பேசினேன். உயிரின் அருமையைச் சொன்னேன், கடமையைச் சொன்னேன், எனக்கு வேறு யார் என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்சுது."

"குடிச்சா சட்டி கேக்கணும். நான் கேக்கமாட்டேன்."

"மருந்து வரணும்னு ஜெபம் பண்றேம்மா" என்றேன்.

"மருந்து வேணாம். ஒரு மறைப்பு கேளு."

உலகமே பற்றியெரியும் காலத்தில், வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் ஒரு மறைப்பு! ஆயினும் அவள் கேட்கச் சொன்னது அதுதான். வராந்தாவில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, வெட்கப்பட்டு ஒளிந்த முதல் மனிதருக்கு உடுப்பு செய்து கொடுத்தவர் நீர். அன்று செய்ததையே இன்றும் கேட்கிறேன். என் தங்கையை மறைத்தருளும்" என்று வழக்காடினேன். அழுதேன்.

எழுந்து லயத்துக்குப் போய் வீடுவீடாகத் துணி கேட்டேன். ஒரு அக்கா சிரித்தேவிட்டார். "துணியா? எங்க வீட்டுக்காரரே சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரியறாரு. அவரை வேணா கூட்டிட்டுப் போயி நிக்க வையி தம்பி." வெறுங்கையோடு திரும்பினேன். காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. பாக்கியத்தின் உதடு வெடித்திருந்தது.

அப்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்கார முனியாண்டி அண்ணன் தலையில் தண்ணீர் சொட்ட இறங்கினார்.

"டிரஸரய்யா, கொஞ்சம் எடங்குடுங்க லா! ரப்பர் காயப்போடுற பொகைக்கொட்டாய் கூரை காத்துல பறந்துபோச்சு. ரப்பர் ஷீட்டெல்லாம் நனையுது."

"இங்க நோயாளிக்கே எடமில்லப்பா."

"நோயாளிக்குக் கட்டில் வேணும். என் சரக்குக்குக் கயிறு போதும். செவனேன்னு தொங்கும், கஞ்சிகூட கேக்காது."

டிரஸர் சிரித்துவிட்டார். வராந்தாவில் கயிறு கட்டி ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார் முனியாண்டி அண்ணன். புகையில் பழுத்துத் தேன் நிறமாகியிருந்த ரப்பர். வெளிச்சம் ஊடுருவியது; ஆள் தெரியவில்லை. உள்ளே கட்டிலோரம் நின்ற என் கையைப் பாக்கியத்தின் விரல் தொட்டது.

"அண்ணே, வண்டிக்கார அண்ணன் அந்த ஷீட்டுக்குப் பின்னால போனாரு. காணோம்."

நான் டிரஸரிடம் ஓடினேன். "ஐயா, வெளியே தொங்குவது உள்ளே தொங்கட்டும்!" அவர் தயங்கினார். "கங்காணி கேட்டா?"

"எங்க தொங்குனா என்ன, காயணும், அம்புட்டுத்தான்" என்றார் முனியாண்டி அண்ணன். "வராந்தாவுல சாரல் அடிக்குதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

உத்தரத்தில் கயிறு ஏறியது. பாக்கியத்தின் கட்டிலைச் சுற்றி ஷீட்டுகள் இறங்கின. அதுவரை கூடத்தில் நின்ற நாற்றத்தைப் புகைவாசம் மூடியது. அவள் கையை நீட்டினாள். தண்ணீர்! முதலில் கரண்டியால் கொடுத்தேன். பிறகு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும்முன் அவளே மாரியக்காவைக் கூப்பிட்டாள். வாசலில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாரியக்கா சட்டியோடு ஓடிவந்து ஷீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். தட்டுவதற்கு அங்கே கதவில்லை. என்ன செய்வதென்று ஒரு கணம் விழித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"வரலாமா தாயி?"

உள்ளிருந்து பதில் வந்தது. "இருங்க."

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மாரியக்கா நின்றார். கூடம் முழுவதும் காத்திருந்தது. பிறகுதான் "வாங்க" என்றாள்.

சபையோரே, அந்த "இருங்க"வில் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. நோயில் விழுந்தவள் எழுந்து உட்காருமுன்பே மனுஷியாக எழுந்துவிட்டாள். உடம்பு பின்னாலேயே வந்தது. மறுநாள் கஞ்சி இறங்கியது. சில நாட்களில் சுவரைப் பிடித்து நடந்தாள்.

எதிர்க்கட்டிலிலிருந்து அந்தோணி அண்ணன் குரல் கொடுத்தார்: "எனக்கும் ரெண்டு ஷீட் போடுங்கப்பா. ஆம்பளைக்கு மானம் இல்லையா?" அவருக்கும் இறங்கியது. கூரையைச் சரிக்கட்ட ஆணியும் இல்லை, ஆட்களும் இல்லை. பலரை ஜப்பான்காரர் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆகவே ஷீட்டுகள் எங்களோடு தங்கின. கட்டில்தோறும் ஒரு மறைப்பு. கேட்காமல் எவரும் உள்ளே போகக்கூடாது என்று டிரஸர் சட்டமாகவே வைத்துவிட்டார்.

கைக்கு ஆள் போதாத அந்த ஆஸ்பத்திரியில் நானும் சட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். ஒவ்வொரு கட்டிலின் முன்னும் "வரலாமா?" என்கிறேன். நான் பேசியவற்றுள் மிகச் சிறிய பேச்சு அது. முதல் பரிசை அதற்கே கொடுப்பேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருந்தால், அவருக்காக எதைக் கேட்கவேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அது எவ்வளவு சிறியதானாலும் கூசாமல் கர்த்தரிடம் கொண்டுபோங்கள். அவர் தம்மிடம் இருப்பதைக் கொண்டும், நம்மிடம் வீணாய்த் தொங்குவதைக் கொண்டும் கொடுப்பார்.

ஜப்பான்காரர் போய்விட்டார்கள். ஷீட்டுகள் இறங்கி, துணித்திரைகள் வந்துவிட்டன. சென்ற வாரம் புதிய டாக்டர் வந்து, நேரே ஒரு திரையில் கைவைத்தார். உள்ளே ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒரு பெண். "இருங்க" என்றாள்.

டாக்டர் நின்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.