என் புருசன் கம்ப்யூட்டரா இருந்த மூனு மாசம்

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு செல்போன் வந்த புதுசு. ஹட்டன்ல நான் படிச்ச கம்ப்யூட்டர் வகுப்புல இருபது பேருக்கு நாலு மெசினு. வாரத்துக்குப் பத்து நிமிசம் தொட்டாலே பெரிசு. கடைசிப் பாடம் வேற மண்டைக் குடைச்சல். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஜன்னல்ல இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை ஓட விடணும். அது முழிச்சதும் முதல்ல சீடியைப் பாக்கணும், அப்புறம்தான் டிஸ்க்குன்னு மாத்தி வைக்கணும். முழிக்கிறப்ப கறுப்புத் திரை ஒன்னு வந்து போகும். அது மறையறதுக்குள்ள எஃப் டூவை அமுக்கினாத்தான் மாத்துற எடத்துக்கே போக முடியும். பரீட்சையில மூனு தடவைதான் விடுவாங்க. பாஸானா கொட்டகலைல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. இல்லாட்டி திரும்பவும் கொழுந்துக் கூடைதான்.

லயத்துல கம்ப்யூட்டருக்கு எங்க போறது? ஒவ்வொரு திரையையும் கொப்பியில வரைஞ்சேன். கொழுந்து லொறி ஓட்டுற என் புருசனை மெசினாக்கினேன். அவரு கொப்பியைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு எண்ணிப் பக்கத்தைத் திருப்பணும். அதுக்குள்ள நான் எஃப் டூன்னு எழுதி வச்ச பலகையில குத்தணும். மனுசன் ஒன்னுன்னு வாயைத் தொறக்கும்போதே பக்கம் திரும்பிரும்.

"போச்சு. திரும்ப ஓன் பண்ணு"ம்பாரு, சாவகாசமா.

"களவாணி, நேரா எண்ணத் தெரியாதா? லொறியையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?"

எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு நாள் கொப்பியாலயே சாத்திட்டேன்.

பரீட்சை அன்னிக்கு மார்க் போட வந்த யாழ்ப்பாணத்து சேர் ஒருத்தர் பக்கத்துல நின்னாரு. கறுப்புத் திரை வந்துச்சு, அமுக்கினேன். ஒன்னும் ஆகல. ரெண்டாந் தடவையும் அதே கதை. வந்த கோவத்துல, "அமுக்கிட்டேன்ல, கண்ணு தெரியலையா?"ன்னு மெசினைப் பாத்து வாய்விட்டே கேட்டுட்டேன்.

"பிள்ளை, ஆரோட கதைக்கிறீர்?"

வெக்கத்துல தலையைக் குனிஞ்சேன். ஜன்னலுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி கெடந்துச்சு. உள்ள ஒருக்கா கிளிக் பண்ணினாத்தான் அமுக்குறது உள்ள போகுமாம். அதுவரைக்கும் நான் வெளிக் கம்ப்யூட்டரைத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்கேன். கொப்பியில எடம் பத்தாம நான் எழுதாம விட்ட வரி அது.

மூனாந் தடவை திரை வந்த வேகத்துல மவுஸால உள்ள ஒரு தட்டு, கையோட எஃப் டூ. தொறந்துச்சு. சீடியை மேல ஏத்தி வச்சேன். சேர் தலையாட்டினாரு.

பஸ் ஸ்டாண்ட்ல லொறியோட நின்னவருகிட்ட பாஸ்னு சொன்னேன். "ஆனா அந்தத் திரை உங்களை விட வேகமாப் போகுதுங்க."

"தெரியும். ஒரு நாள் ஒன்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப வகுப்பு வாசல்ல நின்னு பாத்தேன். நீ அமுக்கறதுக்குள்ள போயிருச்சு, எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குத்தான் அவசரமா எண்ணினேன்."

மூனு மாசமா திட்டும் அடியும் வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுசன். ஏன் சொல்லலன்னு கேட்டேன்.

"சொல்லியிருந்தா பயந்திருப்ப"ன்னு வண்டியை எடுத்தாரு. கொட்டகலை வரைக்கும் நான் அழுதுக்கிட்டே வந்தேன்.