ஜன்னலில் ஒட்டிய கழுத்து

வேலப்பன்சாவடி தாண்டி, வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை ஒன்றில் நான் ஓட்டிய ஸ்கூட்டர் குதித்தது. நான் ஸ்கூட்டரில் இருந்தேன். மனைவி சாலையில் இருந்தாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "கழுத்துதான் பிடிச்சுக்கிச்சு" என்றாள். பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டரில் இரண்டு எக்ஸ்ரே எடுத்தோம். பக்கவாட்டில் ஒன்று, வாயை அகலத் திறக்கச் சொல்லி நேராக ஒன்று.

"எலும்பு டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவாரு சார். படத்தை எடுத்துகினு ஊட்டுக்குப் போங்க" என்றார் படம் எடுத்தவர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். படம் காலையில், அர்த்தம் மாலையில். அதே ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்து நூம்பலில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன்.

அதுவரை படத்தைச் சும்மா வைத்திருக்கும் ஆளா நான்? எழுதியவருக்கே தெரியாத உள்ளர்த்தங்களை நாவல்களில் கண்டுபிடித்து மேடைகளில் பேசியவன். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். செல்போனில் பத்து நிமிடம் படித்தேன். கழுத்தின் இரண்டாவது எலும்பில் முளை போல ஒன்று உண்டாம். அது உடைந்தால் உயிருக்கே ஆபத்தாம். வாய் திறந்த படத்தில் அந்த முளையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு.

"அசையாதே. கழுத்து உடைஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"புத்தக விமர்சனம் போய் இப்ப கழுத்து விமர்சனமா? ஆறு மணிக்கு ஆட்டோல போகலாம்."

வழக்கம்போல் தோற்றேன். அவள் தலைக்கு இருபுறமும் தடித்த புத்தகங்களை முட்டுக் கொடுத்தேன். என் நூலகம் முதன்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது. பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வேகத்தில் போனவன் நான்தானே.

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினேன். "இதுக்கு மேல மெதுவா போனா வண்டி நின்னுடும் அண்ணாத்தே" என்றார் ஓட்டுநர்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "இந்தக் கோடா? முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து சார். எலும்பு மேல விழுந்து தெரியுது."

"இருபத்தஞ்சு வருஷத்துல என் பல்லைப் பார்த்ததே இல்லையா?" என்றாள் மனைவி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கவாட்டுப் படத்தில் பேனா முனையால் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். குற்றம் குறை இல்லை என்று நான் ஒதுக்கிவைத்த படம் அது.

"ஆறுதான் தெரியுது. கழுத்துல ஏழு இருக்கணும். கடைசி எலும்பைத் தோள் மறைச்சிருக்கு. அதைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது." அவளிடம் திரும்பி, "கையில எங்கேயாவது மரத்துப்போகுதாம்மா?" என்றார்.

"இடது சுண்டு விரல். காலையிலேர்ந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நீங்கதான் பாத்ரூம்ல அழுதுகிட்டு இருந்தீங்களே."

டாக்டர் எழுந்துவிட்டார். கழுத்துக்குப் பட்டை போட்டு, அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே ஓடினேன். தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி, "ஏங்க, கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சுண்டு விரலை.