நீலக் கோட்டும் கிழக்குக் காற்றும்

முதலில் என் மடைத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் வெட்கம். லண்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த ஊர் வானத்தை அண்ணாந்து பார்த்து மழை சொல்ல எனக்குத் தெரியும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கைத்தொலைபேசி, மழை இல்லை, புல்வெளிகளில் தீ அபாயம் என்று எச்சரித்தது. உனக்கென்ன தெரியும் என்று அதைப் பைக்குள் போட்டுவிட்டு, மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துமாக வேலைக்குப் போனேன். ஒக்டோபர் மாதத்தில் அப்படியொரு வெயிலை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, மீன் பிடிக்கவா போகிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அந்த மணம் மூக்கில் அடித்தது. எங்கேயோ புல் எரிந்திருக்கிறது. கருகிய புல்லின் மணம் விறகுப் புகை மாதிரி இருக்காது. சீனிப்பாகு அடிப்பிடித்த மாதிரி இனிப்பும் கசப்புமாகத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சப்பாத்தோடு அந்த நடைபாதையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அநேகமாக எல்லோருக்கும் விமான நிலையத்தைச் சுற்றித்தான் வேலை. நான் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில் பாண் துண்டு வைக்கிற வேலை. எட்டு மணித்தியாலமும் பாண் துண்டுதான், ஒரு நாளும் எனக்கு வெண்ணெய்க்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் எனக்கொரு பதவி இருந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் கதவடியில் நின்று, “டேய், இண்டைக்குக் குடை வேணுமோ?” என்று மேல்மாடியைப் பார்த்துக் கத்துவார்கள். நான் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன்.

என்னுடைய விஞ்ஞானம் இதுதான். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எங்கள் கூரைக்கு மேலால், சக்கரச் சில்லு தெரிகிற உயரத்தில் இறங்கினால் மேற்குக் காற்று, கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டு வரும், மழை. கூரைக்கு மேல் அமைதி, விமானங்கள் மறுபக்கத்தால் இறங்குகின்றன என்றால் கிழக்குக் காற்று. வானம் நீலம், உதடு வெடிக்கும், குடை வேண்டாம். பத்துத் தடவையில் ஏழு தடவை சரிவரும். மிச்ச மூன்று தடவையும் நனைந்து வந்தவர்கள் என்னை என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஐவரில் மூத்தவர் தவம் அண்ணை. ஜெர்மனியில் நாலு வருடம் இருந்து, அங்கே சரிவராமல் லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. கைவிரல்களில் சீமெந்து வெடிப்பு, பேச்சில் நாலைந்து ஜெர்மன் சொல். அவர் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மனைவி வதனி அக்காவுக்கு ஆறு மாதம். பிள்ளை மதுரா பிறந்ததை அவர் டெலிபோனில்தான் கேட்டார்.

அந்தக் காலத்து டெலிபோன் கார்ட் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நாணயத்தால் சுரண்டி, நீளமான இலக்கத்தைக் குத்தி, அங்கே மணி அடித்து யாராவது எடுப்பதற்குள் பாதிக் கார்ட் முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் அந்த மிச்சப் பாதியில் முதலில் கேட்பது, “அங்க மழையோ?” என்றுதான். தவம் அண்ணையும் மழை கேட்டு, வெயில் சொல்லி, கடைசியில், “பிள்ளையிட்டைக் குடும்” என்பார். பிள்ளை வரும். மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். “அப்பா எண்டு சொல்லுங்கோ குஞ்சு” என்று இவர் மாடிப்படியில் குந்தியிருந்து கெஞ்சுவார். அது மாட்டாது. நாலு வயதில் ஒருநாள் வாயைத் திறந்து காரணம் சொன்னதாம்.

“முகம் தெரியாத ஆளை நான் அப்பிடிக் கூப்பிட மாட்டன். நேரில கண்டாப் பிறகு சொல்லுறன்.”

படம் அனுப்பினார். அது ஜெர்மனியில் தாடியோடு எடுத்தது. அதையும் பார்த்துவிட்டு, படம் கதைக்காதுதானே என்று சொல்லிவிட்டதாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அன்று முதல் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த மனிதர் டைல்ஸ் பதித்தார் என்று எனக்குத் தோன்றும்.

பிள்ளைக்கு ஆறு வயதானபோது விசா வந்தது. ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு விமானம். தாடியை மழித்தார். யாரோ விற்ற பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கினார். தன் நீலக் கோட்டை உலர் சலவைக்குக் கொடுத்து எடுத்தார். “நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நிப்பன், அதுதான் அப்பா எண்டு பிள்ளைக்குச் சொல்லும்” என்று வதனி அக்காவிடம் மூன்று கார்ட் முடியும்வரை சொன்னார்.

புதுக் காருக்கு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும்தானே. நாலு சில்லுக்கும் தேசிக்காய், தேங்காயில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று, பிறகு தேங்காய் உடைக்க வேண்டும். கோயிலுக்குப் போக நேரமில்லை. வீட்டுத் தெருவில் உடைத்தால் பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்கு எழுதுவாள். பின்பக்கத்தில் இருந்த பெரிய புல்வெளிக்குக் காரைக் கொண்டுபோவோம் என்றேன். ஐயர் வேலையும் நானே பார்ப்பதாகச் சொன்னேன். பாண் துண்டுக்காரனுக்கு அதுவும் ஒரு பதவி உயர்வுதானே.

இரண்டு கிழமையாக ஒரு சொட்டு மழை இல்லை. புல் வைக்கோல் நிறத்தில் இடுப்பளவுக்கு நின்றது. முட்பற்றைகளைத் தொட்டாலே பொடிந்தன. பேர்ச் மரத்து இலைகள் காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கின. வானம் மட்டும் கழுவித் துடைத்த பீங்கான் போல அப்படியொரு நீலம். புல்வெளி வாசலில் சிவப்புப் பலகை ஒன்று, நெருப்புக் கூடாது என்று படமும் போட்டு எழுதியிருந்தது. தவம் அண்ணை அதைப் பார்த்துத் தயங்கினார்.

“என்னடாப்பா, காய்ஞ்சு போய்க் கிடக்கு. ஒரு போத்தில் தண்ணியெண்டாலும் கொண்டு வந்திருக்கலாம்.”

“அண்ணை, காலமை தொடக்கம் பிளேன் எங்கட கூரைக்கு மேலால இறங்குது. மேற்குக் காத்து திரும்பிட்டுது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில மழை.”

உண்மையில் அன்று விமானங்கள் எங்கள் பக்கத்தால்தான் இறங்கின. பிறகு ஒரு வருடம் கழித்து, சாமான் ஏற்றுகிற ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: கிழக்குக் காற்று மெல்லிசாக இருந்தால், அதைக் கணக்கெடுக்காமல் மேற்குக் காற்றுக்கு இறக்குவது போலவே இறக்குவார்களாம். காற்று திரும்பவே இல்லை. அது அங்கேயே, எங்கள் முதுகுக்குப் பின்னால், சத்தம் போடாமல் நின்றிருக்கிறது.

தவம் அண்ணை கோட்டைக் கழற்றி, “ஊத்தைப்படாமல் வைச்சிரு” என்று என் கையில் தந்தார். ஐயராக நான் சொல்லச் சொல்ல, கற்பூரம் ஏற்றி மூன்று தரம் சுற்றினார். ஓங்கி உடைத்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. கற்பூரம் எரிந்தபடியே துள்ளிப் புல்லுக்குள் விழுந்தது. காற்றும் அந்த நேரம் பார்த்துத்தான் எழும்பியது.

சினிமாவில் மாதிரி இல்லை. முதலில் நெருப்பே தெரியவில்லை, வெயிலில் புல் கறுத்துக்கொண்டு போவதுதான் தெரிந்தது. பிறகு ஒரு முட்பற்றை படாரென்று பற்றியது. தவம் அண்ணை காருக்குள் கிடந்த கால்மிதியை இழுத்தெடுத்து அடிக்கத் தொடங்கினார். “வந்து அடியடா!” என்றார். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும், தூரத்தில் சைரன் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் கால்கள் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. ஊரில் ஆமிச் சீருடை வந்தால் ஓடிப் பழகிய கால்கள். ஓடினேன். கோட்டையும் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் ஓடினேன். அண்ணைக்கும் அதே ஊர்தான், அவருக்கும் அதே கால்கள்தான். அவர் நின்றார்.

நாலு மணியாகியும் அவர் வரவில்லை. போன் எடுப்போம் என்றால் அவருடைய போன் கோட்டுப் பைக்குள் கிடந்து என்னிடமே அடிக்கிறது. வீட்டுக் கதவு திறக்கிற திறப்பும் அதற்குள்தான். பிள்ளையையும் தாயையும் கூட்டிவர யாராவது போக வேண்டுமே! வெளியே குளிர்ந்தது. யோசிக்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

வருகைக் கூடத்தில் கம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். வதனி அக்கா தள்ளுவண்டியோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை, இரட்டைப் பின்னல், காலுக்குப் பெரிய சப்பாத்து. என்னைப் பார்த்தது. நின்றது. கோட்டைப் பார்த்தது. பிறகு அந்தப் பெரிய சப்பாத்து தட்டுப்பட ஓடி வந்து என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆறு வருடமாக வைத்திருந்த அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது.

இரண்டு தடவை சொன்னது, நண்பரே. முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டு சொன்னது. நான் அவசரமாக மறுத்திருக்க வேண்டும். வாயில் ஒன்றும் வரவில்லை. ஊரையே சிரிக்கவைக்கிற வாய்.

வதனி அக்கா வந்து பிள்ளையைப் பிடித்து இழுத்தார். “இது மாமா. அப்பா இல்லையம்மா.” பிறகு என்னைப் பார்த்து, “இவர் எங்க?” என்றார். சொன்னேன். டாக்சியில் பாதி வழியில் பிள்ளை தாயிடம், “அப்ப நான் சொன்னது?” என்று கேட்டது. வீட்டடி வந்ததும் வதனி அக்கா மெதுவாக, “தம்பி, இதை அவருக்குச் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டார்” என்றார்.

அவர் வாசல் படியில் இருந்தார். திறப்பு இல்லையே. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறார், இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. பொலிஸ்காரர் பெயரைக் கேட்டு, இனி இப்படிச் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான். அதற்குத்தான் நான் ஓடியிருக்கிறேன். கட்டுப் போட்ட கைகளை நீட்டிக்கொண்டு அவர் முழங்காலில் இருந்தார். “கண்டாச்சுத்தானே குஞ்சு. இனிச் சொல்லுங்கோ.” பிள்ளை தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“உன்னைக் கண்டு என்னடா சொன்னது?” என்று என்னிடம் கேட்டார்.

“பயந்து அழுதது அண்ணை” என்றேன்.

அதற்குப் பிறகு பிள்ளை அந்தச் சொல்லை வெளியே எடுக்கவில்லை. ஒரு முறை கொடுத்துக் கேவலப்பட்டது போதும் என்று நினைத்ததோ என்னவோ. கொஞ்சக் காலம் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தது. பிறகு பள்ளிக்கூடம், இங்கிலீஷ், ‘டாட்’. அவர்கள் ஸ்ட்ரெதமுக்குப் போய்விட்டார்கள். மதுரா வளர்ந்து வேலைக்கும் போகிறாள், நல்ல பிள்ளை, கல்யாண வீடுகளில் கண்டால், ‘ஹாய் மாமா’ என்பாள். இன்றுவரைக்கும் டாட் தான். அந்தப் புல்வெளி அடுத்த வசந்தத்திலேயே பச்சையாகிவிட்டது. சுரண்டுகிற கார்ட் இல்லை, அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், கதவடியில் நின்று குடை வேண்டுமா என்று மேல்மாடியைப் பார்த்துக் கத்த ஆளில்லை. அப்படி ஆள் இருந்தாலும் நான் இனி வாய் திறக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நானாக எடுத்தேன். மழையும் கேட்கவில்லை, சுகமும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிள்ளை அழவில்லை அண்ணை, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படிக் கூப்பிட்டது, உங்களுக்கு வரவேண்டியதை நான் வாங்கிவிட்டேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“வதனி அண்டைக்கே சொல்லிப்போட்டாள், வை போனை.”